ஜூம் பண்ணாதீங்க! தூரத்து வாத்தை அடையாளம் காண உல்டா வழி

[திரையில்: சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் ஐந்து கறுப்புப் புள்ளிகள்]

இந்தப் போட்டோவுல அஞ்சு பறவை. அதுல ஒண்ணு வாத்தே இல்ல. எதுன்னு கடைசியில சொல்றேன்.

இப்ப ரெண்டு விரலை வச்சு ஜூம் பண்ணப் போறீங்கல்ல? அங்கதான் தப்பு. போட்டோவைத் தபால்தலை சைஸுக்குச் சின்னதாக்குங்க. புள்ளி புள்ளியா இருந்த குப்பை அடங்கி, எங்க கறுப்பு, எங்க வெளுப்புங்கிறது மட்டும் மிஞ்சும். நமக்கு வேண்டியது அதுதான்.

முங்கி இரை தேடுற வாத்துக்கு வால் தண்ணியை ஒட்டிக் கிடக்கும், உடம்பும் தாழ்ந்து மிதக்கும். முன்னுரை முடிஞ்சுது.

[திரையில்: நான்கு நிழலுருவங்கள்]

ஆண் பறவைகள். ரெண்டு முனையும் இருட்டு, நடு வெளுப்புன்னா காமன் போச்சார்ட். முதுகு கறுப்பு, விலா மட்டும் பளிச்னு வெள்ளைன்னா டஃப்டட் டக். விலாவோட முதுகும் வெளுத்திருந்தா ஸ்காப். முதுகு கறுப்பு, விலா சாம்பல், விலாவுக்கு முன்னால செங்குத்தா ஒரு வெள்ளைக் கீற்றுன்னா ரிங்-நெக்ட் டக். பேரை நம்பிக் கழுத்துல வளையம் தேடாதீங்க, பக்கத்துல போனாலே அது லேசுல தெரியாது!

ஒரு எச்சரிக்கை. வெயில் சாய்வா விழுந்தா டஃப்டட் முதுகு மினுங்கி, ஸ்காப் மாதிரி சாம்பலாத் தெரியும். பறவை திரும்பின அடுத்த ஃப்ரேமைப் பார்க்காம முடிவு பண்ணாதீங்க.

[திரையில்: ஒரே பறவையின் தலை, மூன்று ஃப்ரேம்கள்]

இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். ஸ்காப்லயே ரெண்டு இனம் உண்டு. கிரேட்டர் ஸ்காப்பா, லெஸ்ஸர் ஸ்காப்பா? கிரேட்டருக்குத் தலை உருண்டை. லெஸ்ஸருக்கு உச்சந்தலையோட பின்பக்கம் ஒரு மேடு. சுலபம்தானே? இல்ல. முங்கப் போற வாத்து தலை இறகை அப்படியே அமுக்கிக்கும். மேடு காணாமப் போயிடும். எண்ணெய் வச்சுப் படிய வாரின தலை மாதிரி! மேல வந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியேதான் இருக்கும். அதனால மும்முரமா முங்கி முங்கி எழுற பறவையோட ஒத்தைப் போட்டோவை வச்சுத் தலையை அளக்காதீங்க. 15, 20 ஃப்ரேம் தொடர்ச்சியா எடுத்து, பறவை நிதானமா மிதக்குறதைத் தேர்ந்தெடுங்க. பச்சை மினுக்கு, ஊதா மினுக்குன்னு தலை நிறத்தை வச்சுச் சண்டை போடவே வேணாம். வெளிச்சம் மாறினா அதுவும் மாறும்.

சிறகடிக்குற ஃப்ரேம் ஒண்ணு கிடைச்சா லாட்டரி. இறக்கையில வெள்ளைப் பட்டை நுனிப்பக்கம் வரைக்கும் ஓடினா கிரேட்டர், பாதியில சாம்பலா மங்கினா லெஸ்ஸர். ஆனா எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள்ள போற வெளிச்சம், கூடிப்போச்சுன்னா அந்தச் சாம்பலும் வெள்ளையா எரிஞ்சிடும். பறவையில வெள்ளைப் பகுதி இருந்தா எக்ஸ்போஷரை அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை அளக்குற படி) குறைச்சே எடுங்க.

பெண் பறவைகள்ல பொறி அதிகம். வாலடி வெள்ளையா இருந்தா ஃபெருஜினஸ் டக்னு (அது இன்னொரு முங்கு வாத்து) துள்ளாதீங்க. சில டஃப்டட் பெண்ணுக்கும் அது உண்டு. அலகைச் சுத்தி வெள்ளை இருந்தா ஸ்காப்னு சொல்றதும் அதே கதைதான்.

கண் நிறம்? கண்ணே ரெண்டு பிக்சல்தான் இருக்கு. ஜேபெக் ஃபைல்ல வெளிச்சத்தைவிட நிறம் குறைஞ்ச நுணுக்கத்தோடதான் சேமிக்கப்படுது, பக்கத்து நிறம் கண்ணுல வழிஞ்சிடும். ஏஐ வச்சுக் கூர்மையாக்கினா இன்னும் மோசம், இல்லாத இறகை அது வரைஞ்சு கொடுக்கும். கிரேட்டரா லெஸ்ஸரான்னு தெரியலைன்னா, வெறும் 'ஸ்காப்'னு எழுதி விட்டா குறைஞ்சு போயிட மாட்டீங்க.

[திரையில்: முதல் போட்டோ, தபால்தலை அளவில்]

சரி, அந்த அஞ்சாவது ஆள். இடது ஓரம் பாருங்க. உடம்பு முழுக்கக் கறுப்பு, முன்னால மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு. நாமக்கோழி! ஜூம் பண்ணினவங்களுக்கெல்லாம் நாமம் போட்டாச்சு.