மரம் வச்சவன் போயிட்டான், தண்ணி யார் ஊத்துறது?

தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, இந்தக் குளிரிலும் வந்து மைக் செட் கட்டிக் கொடுத்த தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய தலைமையாசிரியர் அம்மா நான் சொல்ல வந்ததில் பாதியை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டார்கள், அவர்களுக்குத் தனி நன்றி.

நம்ம குன்னூர் சிம்ஸ் பூங்காவைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். வரலாறு, மரங்கள், பழக் கண்காட்சி.

“மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்” என்று எங்க அப்பாயி சொல்லும். 1874-ல் சென்னை அரசாங்கச் செயலாளராக இருந்த ஜே.டி. சிம்ஸும், முன்பு ஜக்கதளா என்று பெயர் இருந்த வெல்லிங்டனின் கண்காணிப்பாளர் மேஜர் முர்ரேவும் சேர்ந்து, மலைச்சரிவின் போக்கிலேயே சுமார் 12 ஹெக்டேரில் இதை உருவாக்கினார்கள். வச்சவங்க போய்ச் சேர்ந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. இத்தனை காலம் தண்ணி ஊத்தினது தலைமுறை தலைமுறையாக இங்கே மண்வெட்டி பிடித்த தொழிலாளர்கள்தான். அவர்களுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

சரி, மரங்கள். அரகேரியா, மக்னோலியா, மரப் பெரணி எல்லாம் இருக்கட்டும், ருத்திராட்ச மரத்தடியில் நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். பேத்தியோடு வந்த ஒரு பாட்டி, காலில் ஏதோ இடறுதே என்று குனிந்தார். நீல நிறத்தில் ஒரு பழம். தோட்டக்காரர் “எடுத்துக்கங்கம்மா, ருத்திராட்சம்தான்” என்றார். பாட்டி நம்பவில்லை. “காசியில காசு குடுத்துல்ல வாங்கிட்டு வந்தோம்!” அப்புறம் அங்கேயே உட்கார்ந்து, கட்டை விரல் நகத்தால் சதையை வழித்து வழித்து, முந்தானையில் துடைத்து, கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணி, “அஞ்சு முகம்டீ!” என்று கத்தினாரே பார்க்கணும், சுற்றியிருந்த பத்துப் பேரும் குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தப் பழம் விழுந்தது இலைச்சருகு மூடிய மண்ணில். எங்கள் தெரு ஜகரண்டாவுக்கு அந்த மண் இல்லை. நடைபாதை போட வந்தவர்கள் அடிமரத்தை ஒட்டி சிமெண்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மழைத் தண்ணீர் வேருக்கு இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது, ரெண்டே வருஷத்தில் உச்சிக் கிளைகள் காய்ந்துவிட்டன. மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான், ஊத்துகிற தண்ணி உள்ளே போக வழி வேண்டாமா? தெரு மரம் ஒவ்வொன்றையும் சுற்றி நாலடி மண்ணை விடச் சொல்லித்தான் இத்தனை நாளாக அலைகிறேன்.

பழக் கண்காட்சிக்கு நேரமில்லை, மே மாசம் வந்து பாருங்கள். வாசலில் மனு இருக்கிறது, டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உறுப்பினர்கள் முதல் கையெழுத்துப் போட்டால் ரொம்ப சந்தோஷப்படுவேன்.