உயிலுக்கு இளைய சாட்சி

(குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உயில் பற்றிப் பேசச் சொல்லிச் செயலாளர் கேட்டபோது, "தலைப்பைப் பார்த்தாலே ஆள் வரமாட்டார்கள் சார்" என்றேன். பரவாயில்லை, பாதி நாற்காலி நிறைந்திருக்கிறது. உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று நம்புகிறவர்கள் மீதி நாற்காலிக்காரர்கள்.

முதலில் நாமினி. "பாங்கில் பெரியவன் பேரைப் போட்டிருக்கேன், பணம் அவனுக்குத்தான்" என்பார்கள். இல்லை. நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்காகக் கையில் வைத்திருப்பவர். காப்பீட்டுப் பணம் பற்றி 1983-லும், கம்பெனிப் பங்குகள் பற்றி 2023-லும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. காப்பீட்டுச் சட்டத்தில் 2015-ல் வந்த திருத்தம் கொஞ்சம் சிக்கலானது. பாலிசி இருப்பவர்கள் டீ நேரத்தில் என்னிடம் கேளுங்கள்.

சரி, உயிலே இல்லை என்றால்? ஓர் இந்து ஆண் தானே சம்பாதித்த வீடு மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், அவருடைய அம்மாவுக்கும் ஆளுக்கொரு சம பங்காகப் போகும். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று சட்டம் கேட்பதில்லை. "அம்மாவுக்குமா?" என்று இங்கேயே இரண்டு பேர் புருவத்தை உயர்த்துகிறீர்கள்.

உயிருடன் இருக்கும்போதே செட்டில்மென்ட், அதாவது வீட்டை அப்போதே பிள்ளைகள் பேருக்கு மாற்றித் தரும் பத்திரம், எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பதிவானதும் வீடு உங்களுடையதல்ல. "கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற வரியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும்போது அந்த வரிதான் கைகொடுக்கும். கொடுத்துவிட்டு வராந்தாவில் படுத்திருக்கும் பெரியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. பதிவு செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம். சென்னையில் இருக்கும் வீட்டுக்கு இந்துக்கள் எழுதிய உயில் என்றால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்ற சான்று, வாங்கியே தீர வேண்டும் என்று வெகுகாலம் இருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படிச் சொன்ன 213-ஆம் பிரிவை எடுத்துவிட்டது. ஆனாலும் ஒருவர் தகராறு செய்தால் உயிலை நிரூபித்துத்தான் ஆக வேண்டும். அதற்குச் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏற வேண்டும்.

என் கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்த உயில், அவருடைய அப்பா கோடு போட்ட முழுத்தாளில் எழுதியது. மடிப்பு கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. சாட்சிகள் அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேர்; அவரைவிட மூத்தவர்கள். இரண்டு பேருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பியோ, "இது அப்பா கையெழுத்தே இல்லை" என்கிறார். அதனால்தான் சொல்கிறேன், சாட்சிக்கு உங்களைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவரைப் பிடியுங்கள். சொத்தில் பங்கு வருகிறவர் வேண்டாம்.

சாட்சிகள் இல்லாதபோது, அவர்களில் ஒருவரின் கையெழுத்தாவது அவருடையதுதான் என்றும், எழுதியவரின் கையெழுத்தும் அவருடையதுதான் என்றும் காட்ட வேண்டும். அப்பாவின் கையெழுத்துக்குப் பழைய பாங்க் காகிதங்கள் இருந்தன. சாட்சியின் கையெழுத்தை அடையாளம் காட்ட ஆள் தேடித் திருச்சிவரை போனோம். சாட்சிக் கையெழுத்துப் போட்ட நண்பர் ஒருவரின் மகள் கிடைத்தார். நீதிமன்றத்தில் தாளை அவர் கையில் கொடுத்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க அப்பாதான். கையெழுத்துக்குக் கீழே கோடு போட்டு இரண்டு புள்ளி வைப்பார். என் ரேங்க் கார்டு முழுக்க இதுதான்" என்றார்.