பாம்பின் கால் பாம்பறியும்

தலைமையேற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, என்னை மிகவும் உயர்த்திப் பேசிய தமிழ்த்துறைத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்து அமர்ந்திருக்கும் கோட்டாட்சியர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

உலகமயக் காலத்தில் பலவகை அறிவும் ஒன்றுசேர்வது பற்றிப் பேசச் சொன்னீர்கள். காடு, மருத்துவம், வேளாண்மை என மூன்றையும் தொடலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் காடு. பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். அதற்குச் சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது.

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புக் காட்டில் பர்மிய மலைப்பாம்பு பெருகிவிட்டது. ஆசைக்கு வளர்த்தவர்களிடமிருந்து வெளியே போன பாம்பு, முயலையும் ரக்கூனையும் தின்று தீர்த்தது. 2016இல் பாம்பு பிடிக்கும் போட்டி வைத்தார்கள். 1,000 பேருக்கு மேல் இறங்கினார்கள், ஒரு மாதத்தில் கிடைத்தது 106 பாம்பு. மறு ஆண்டு ஜனவரியில் யாரை அழைத்தார்கள் தெரியுமா? தலைமுறையாகப் பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும்! அங்குள்ளவர்கள் காரில் போய்ச் சாலையோரம் தேடுவார்கள். இவர்களோ நேரே புதருக்குள் போனார்கள். எச்சம், உரித்த சட்டை, ஊர்ந்த தடம், அவ்வளவுதான் துப்பு. முதல் 8 நாளில் 13 பாம்பு! கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஏவுகணைத் தளத்தில் 16 அடிப் பெண் பாம்பையே பிடித்தார்கள். பல்கலைக்கழக விஞ்ஞானிகள் கூடவே நடந்து பார்த்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. பலமாகக் கைதட்டுங்கள்!

பாம்பின் கால் பாம்பறியும். பாம்புத்தோல் வியாபாரம் தடைபட்டு இருளர்களின் பிழைப்பு போனபோது, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978இல் இருளர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. வடநெம்மேலியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியனிலிருந்து விஷம் எடுத்து, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்தைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கு மருந்து தயாராகிறது. இருளர் கையும் ஆய்வுக்கூடமும் சேர்ந்து உயிர் காக்கின்றன.

சரி, அந்த இருளர் வீட்டுப் பிள்ளை மேலே படிக்கப் போனால் சாதிச் சான்றிதழ் எங்கே என்கிறோம். பட்டாவே இல்லாத குடும்பத்திடம் பழைய பத்திரம் கேட்டு அலையவிடுகிறோம். உலகமே மதிக்கும் அறிவை நம் அலுவலக வாசலில் நிற்கவைத்திருக்கிறோம், ஐயா! வேளாண்மையை இன்னொரு நாள் பேசலாம், இது இன்றே பேச வேண்டியது.

கோட்டாட்சியர் அவர்களிடம் கைகூப்பிக் கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இருளர் குடியிருப்புகளிலேயே சான்றிதழ் முகாம் நடத்துங்கள். மனு எழுதித் தர இந்த மாணவர்கள் வருவார்கள். முதல்வர் அம்மையார் இந்த மேடையிலேயே அதற்கு அனுமதி தர வேண்டும்.