ஸ்க்ரூ சுற்றுகிறது, நெருப்பு காத்திருக்கிறது: பெல்லட் தானாக அடுப்புக்குள் போகும் விதம்

[காட்சி: உள்ளங்கையில் ஒரு பிடி பெல்லட். பின்னணியில் மோட்டார் விட்டு விட்டு ஓடும் சத்தம்.]

வணக்கம். கையில் இருப்பது பெல்லட், அடுப்பில் எரிக்கும் குட்டி மரத்துண்டு. மரத்தூளைக் காயவைத்துப் பொடித்து, துளை போட்ட எஃகு அச்சு வழியாக அழுத்தித் தள்ளினால் இப்படி வரும். பெரும்பாலும் பசை தேவைப்படுவதில்லை. அழுத்துகிற சூட்டில், மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது தானே கெட்டிப்படுத்திவிடும். வீட்டு அடுப்புக்கான பெல்லட் 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐ.எஸ்.ஓ. 17225-2 தர விதி.

விறகுக்கட்டையை இயந்திரம் எடுத்துப் போடுவது பெரும்பாடு. ஒன்று வளைந்திருக்கும், ஒன்றில் முடிச்சு இருக்கும், இன்னொன்று ஈரமாக இருக்கும். பெல்லட்டில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாம் ஒரே தடிமன்; சாய்த்தால் தானாகச் சரிந்து ஓடும். ஆள் பக்கத்தில் இல்லாமலே அடுப்பு எரிய இதுதான் வழி செய்தது.

[காட்சி: அடுப்பின் குறுக்குவெட்டுப் படம். மேலே ஹாப்பர், கீழே சாய்ந்த குழாய், நடுவில் எரிகிண்ணம்.]

சரி, உள்ளே போவோம். மேலே பெல்லட் கொட்டி வைக்கும் தொட்டிதான் ஹாப்பர். அதன் அடியில் சாய்வாக ஒரு குழாய், குழாய்க்குள் ஒரு ஸ்க்ரூ. பெரிய ட்ரில் பிட்டைக் குழாய்க்குள் செருகி வைத்தது போல இருக்கும். கியர் மோட்டார் அதை மெதுவாகச் சுற்றும். ஸ்க்ரூவின் மடிப்புகளுக்கு இடையில் சிக்கிய பெல்லட்டுகள் மேலே ஏறி, உச்சிக்கு வந்ததும் சரிவுக் குழாயில் விழுந்து, எரிகிண்ணத்துக்குள் போய்ச் சேரும். டக், டக் என்று விழுகிற சத்தம் கேட்கும்.

எவ்வளவு விழ வேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 கிலோவாட் அடுப்பு, 90 சதவீதத் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ நல்ல மரப் பெல்லட்டில் ஏறக்குறைய 4.8 கிலோவாட்-மணி ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் மணிக்கு 2.3 கிலோ வேண்டும், நிமிடத்துக்கு 39 கிராம் அளவில். ஒன்றரை சென்டிமீட்டர் நீளப் பெல்லட் ஒன்று அரை கிராம் எடை இருக்கும். ஆக, நிமிடத்துக்கு 75 பெல்லட்டுக்கு மேல். அதே அடுப்பை 3 கிலோவாட்டுக்குக் குறைத்தால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு போதும்.

பல அடுப்புகளில் இதற்காக மோட்டாரின் வேகத்தை மாற்றுவதில்லை. ஓடும் நேரத்தைத்தான் மாற்றுகிறார்கள். தொடர்ந்து ஓடினால் நிமிடத்துக்கு 60 கிராம் தள்ளும் ஸ்க்ரூ என்றால், 6 விநாடிக்கு ஒரு சுழற்சி வைத்து, முழு வெப்பத்துக்கு 4 விநாடிக்குச் சற்றுக் குறைவாக ஓடவிடுவார்கள். குறைந்த வெப்பத்துக்கு ஒரு விநாடி, கொஞ்சம் கூடுதலாக. மிச்ச நேரம் மோட்டார் சும்மா நிற்கும். ஆரம்பத்தில் கேட்டீர்களே, விட்டு விட்டு வந்த சத்தம், அது பழுதில்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஸ்க்ரூவுக்கு எடை பார்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்தது இடமும் நேரமும் மட்டும்தான். குட்டைப் பெல்லட் நெருக்கி அடையும், அதனால் ஒரு சுற்றில் எடை கூடுதலாகப் போகும். நீளப் பெல்லட் இடைவெளி விட்டு அடையும், எடை குறையும். நேற்றுவரை நன்றாக எரிந்த அடுப்பு, மூட்டை மாற்றியதும் கண்ணாடியில் கரி படிய எரிகிறதே என்று திகைப்பவர்கள் அடுப்பைக் குறை சொல்வார்கள். பல நேரம் மாறியது எரிபொருள்தான். எரிபொருள் கூடிவிட்டது, காற்று கூடவில்லை. பெரிய பாய்லர்களில் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் இதைப் பார்த்துக் காற்றையும் ஊட்டலையும் சரிசெய்துகொள்ளும். எளிய அடுப்பில் நீங்கள்தான் செட்டிங்கை மாற்ற வேண்டும்.

[காட்சி: ஹாப்பருக்குள் மேலிருந்து பார்வை. மேலே பெல்லட் நிறைந்திருக்கிறது, அடியில் வெற்றிடம்.]

அப்புறம் தூள். மூட்டையின் அடியில் தங்கும் மரத்தூளையும் சேர்த்துக் கொட்டினால், அது ஹாப்பரின் அடியில் சேர்ந்து, பெல்லட்டுகள் ஒன்றையொன்று தாங்கிப் பாலம் போல நின்றுவிடும். மேலே பார்த்தால் தொட்டி நிறைந்திருக்கும், கீழே ஸ்க்ரூ காலியாகச் சுற்றும், நெருப்பு அணையும். ஹாப்பரின் சுவர்களை நல்ல செங்குத்தான சரிவாக வைப்பதும், சில இடங்களில் கலக்கித் தட்டிவிடும் தண்டு வைப்பதும் இதனால்தான். ஈரம் பட்டால் கதை இன்னும் மோசம். பெல்லட் ஊதி, உதிர்ந்து, குழாய்க்குள் கட்டையாக இறுகிவிடும். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டுவதைத் தவிர வழியில்லை.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முனையில் நெருப்பு, மறு முனையில் மூட்டை மூட்டையாக எரிபொருள், நடுவில் எரிபொருள் நிரம்பிய குழாய். நெருப்பு இந்தக் குழாய் வழியாகப் பின்னோக்கி ஊர்ந்தால் ஹாப்பரே பற்றிக்கொள்ளும். என்னைக் கேட்டால், ஊட்டும் அமைப்பில் பாதி வடிவமைப்பு இதைத் தடுப்பதற்குத்தான்.

முதல் தடுப்பு, அந்தச் சரிவுக் குழாய். ஸ்க்ரூவுக்கும் நெருப்புக்கும் நடுவில் பெல்லட் விழும் வெறும் இடைவெளி இருப்பதால், நெருப்பு தொட்டுத் தொட்டு ஏற முடியாது. அடுத்து, புகையை வெளியே இழுக்கும் விசிறி உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கும். கதவு திறந்தாலோ புகைபோக்கி அடைத்தாலோ அழுத்த சுவிட்ச் அதை உணர்ந்து ஸ்க்ரூவை நிறுத்திவிடும். ஹாப்பர் பக்கம் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு வெப்ப சுவிட்ச் இருக்கும். பாய்லர்களில் இதற்கு மேலும் உண்டு: அறை அறையாகப் பிரிந்த சக்கரம் ஒன்று எரிபொருளைக் கடத்திவிட்டு, நெருப்புக்கும் காற்றுக்கும் வழியை அடைத்தே வைத்திருக்கும். குழாய் சூடானால் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வும் சிலவற்றில் உண்டு. அது மின்சாரம் இல்லாமலே வேலை செய்யும்.

சாம்பலும் இதில் சம்பந்தப்பட்டதுதான். நல்ல மரப் பெல்லட்டில் சாம்பல் 0.7 சதவீதம்கூட இருக்காது. வைக்கோல் போன்ற வேளாண் கழிவில் அது பல மடங்கு. அதிலுள்ள பொட்டாசியமும் சிலிக்காவும் சேர்ந்து, மரச்சாம்பலைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி, எரிகிண்ணத்தின் காற்றுத் துளைகளை அடைத்துக் கட்டியாகும். கிளிங்கர் என்பார்கள். துளை அடைத்தாலும் ஸ்க்ரூ நிற்காது, தள்ளிக்கொண்டே இருக்கும். குவியல் சரிவுக் குழாயின் வாய்வரை உயர்ந்தால், முதலில் சொன்ன இடைவெளி காணாமல் போகும்.

[காட்சி: தொழிற்சாலை ஃபர்னஸ். ப்ரிக்கெட் ஏற்றிய கன்வேயர் பெல்ட்.]

பெல்லட்டைப் போலவே அழுத்திச் செய்த பெரிய கட்டிதான் ப்ரிக்கெட். அதற்கு இந்தச் சின்ன ஸ்க்ரூ ஆகாது. 60, 90 மில்லிமீட்டர் தடிமனுள்ள உருளைகள் அவை. பெல்ட்டில் ஏற்றி, ஹைட்ராலிக் தள்ளியால் ஃபர்னஸ் வாய்க்குள் நுழைப்பார்கள். இல்லையென்றால் பழையபடி ஆள்தான்.

பெரிய கிடங்கிலிருந்து குழாய் வழியாக உறிஞ்சி பெல்லட்டைக் கொண்டுவரும் முறையும் உண்டு. அங்கே ஒரு எச்சரிக்கை. பெல்லட் சும்மா குவிந்து கிடக்கும்போதே மெல்ல கார்பன் மோனாக்சைடை வெளியிடும். மூடிய கிடங்கில் இதனால் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். காற்றோட்டம் விடாமல் உள்ளே இறங்காதீர்கள்.

கடைசியாக, நிறுத்துவது. ஸ்விட்சை அணைத்ததும் எல்லாம் ஒரேயடியாக நிற்காது. முதலில் ஸ்க்ரூ நிற்கும். விசிறி மேலும் பல நிமிடம் ஓடி, கிண்ணத்தில் மிச்சமிருப்பதை எரித்து முடித்து, புகையை வெளியேற்றிவிட்டுத்தான் ஓயும். திடீரென்று மின்சாரம் போனால் இந்த ஒழுங்கு குலைந்துவிடும்: விசிறியும் ஸ்க்ரூவும் ஒன்றாக நிற்க, கிண்ணத்தில் பாதி எரிந்த பெல்லட் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை அறைக்குள் வர வாய்ப்பு உண்டு. அடிக்கடி மின்தடை வரும் இடமென்றால், விசிறியை மட்டுமாவது சிறிது நேரம் ஓட்டும் அளவுக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்கி வையுங்கள். பற்றவைக்கும் ஹீட்டர் மட்டுமே சில நூறு வாட் எடுக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பெரிய யூ.பி.எஸ். தேட வேண்டியதில்லை.