பக்கவாட்டில் ஒரு நாற்காலி

(ஆசிரியர்களுக்கான மாவட்டக் கருத்தரங்கில், ஓய்வுபெற்ற ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

வருகைப் பதிவேட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? போட்டுவிட்டால் கவலையில்லை. நான் பேசுவதில் ஒரு சொல்லும் காதில் விழாவிட்டாலும் இன்று நீங்கள் பயிற்சி பெற்றவர்கள்தான். சிரிக்கிறீர்கள், அந்தக் கணக்கை இருபத்திரண்டு ஆண்டுகள் எழுதி அனுப்பியவன் நான்.

நம் பணியிடைப் பயிற்சி எப்படி இறங்கி வரும் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையில் மாநிலக் கருத்தாளர்களுக்கு ஐந்து நாள். அவர்கள் மாவட்டத்தில் மூன்று நாள் நடத்துவார்கள். வட்டார வள மையத்தில் அது இரண்டு நாளாகும். பாலாகப் புறப்பட்டது நீர்மோராக வந்து சேரும். வெயிலுக்கு நல்லது, பசி அடங்காது. காலையில் முன்தேர்வு, மாலையில் பின்தேர்வு. இருபதுக்கு எட்டு வாங்கியவர் பதினேழு வாங்குவார். ‘முன்னேற்றம் காணப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன். அவருடைய நான்காம் வகுப்பில் என்ன மாறியது என்று போய்ப் பார்த்தேனா? பார்க்கவில்லை. அந்தப் படிவத்தில் அதற்குக் கட்டமே இல்லை.

2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஆசிரியர் பயிற்சியால் மாணவர்களின் கற்றல் உயர்கிறதா என்பதைத் தொட்ட 1,300-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். நம்பத்தக்க முறையில் செய்யப்பட்டவை என்று சல்லடையில் நின்றவை ஒன்பதே ஒன்பது. அந்த ஒன்பதிலும், 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளால் குழந்தைகளிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. நம் இரண்டு நாள் பயிற்சியில் தேநீரையும் வடையையும் கழித்தால் எத்தனை மணி நேரம் தேறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்படியானால் கூடுதலாக ஒரு வாரம் நடத்தினால் போதுமா? இங்கேதான் தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் நடந்த சோதனை எனக்குப் பிடித்தது. தாய்மொழியான செட்ஸ்வானாவில் சிறு குழந்தைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது பற்றியது. 50 பள்ளிகளின் ஆசிரியர்களை ஓர் இடத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு 50 பள்ளிகளுக்குப் பயிற்றுநரே நேரில் போனார். வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார், பிறகு ஆசிரியரோடு பேசினார். இரு பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகள், ஒரே வாசிப்பு நூல்கள். எதுவும் பெறாத பள்ளிகளையும் ஒப்பிட வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து அளந்தபோது, பயிற்றுநர் தேடிப்போன பள்ளிகளில் வாசிப்புத்திறன் உயர்ந்த அளவு, ஆசிரியரை வரவழைத்த பள்ளிகளைப்போல் இரு மடங்கு. செலவும் கூடுதல்தான். ஆனால் போட்ட காசுக்குக் கிடைத்த பலன் அதிகம்.

“பயிற்றுநர் எதற்குப் பஸ் ஏற வேண்டும், கைக்கணினியில் பேசினால் போதாதா?” என்று நிதித்துறை எங்கேயும் கேட்கும். அங்கேயும் அது கேள்வியானது. ம்புமலாங்கா மாகாணத்தில் ஆங்கில வாசிப்புக்கு அதையும் சோதித்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், நேரில் போன பயிற்றுநரால் குழந்தைகளின் ஆங்கிலப் பேச்சும் வாசிப்பும் உயர்ந்தன. கைக்கணினி வழி வந்தவரால் பேச்சில் மட்டும் சிறிது பயன், வாசிப்பில் ஒன்றுமில்லை, தாய்மொழி எழுத்தறிவு கொஞ்சம் பின்னுக்கே போயிருந்தது. இணையவழிப் பயிற்சிக் காணொளியை ஓடவிட்டுவிட்டு வீட்டில் சாப்பாட்டு கேரியர் கட்டியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

ஏன் நேரில் ஒருவர் தேவைப்படுகிறார்? டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஒருவர் பள்ளிப்படிப்பை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துவிடுகிறார். வேறெந்தத் தொழிலுக்கும் இந்த வாய்ப்பு இல்லை. அறுவைச் சிகிச்சையைப் பன்னிரண்டு ஆண்டு பார்த்துவிட்டு யாரும் மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. ஆனால் நாம் பார்த்தது மாணவர் இருக்கையிலிருந்து. ஆசிரியர் பேசுவதும் எழுதுவதும் பிரம்பைத் தட்டுவதும் தெரிந்தன. இந்தக் கணக்கை ஏன் இன்று கொடுத்தார், இந்தப் பையனின் தவறை ஏன் உடனே திருத்தாமல் விட்டார் என்பதெல்லாம் தெரியவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளின்படி, ஆசிரியர் பயிற்சிப் பட்டமான பி.எட். படிப்பை இரண்டு ஆண்டாக்கி, 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும் என்றார்கள். நல்ல முடிவு. அந்த 20 வாரத்தில் விடுப்பு எடுத்த ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட பயிற்சி மாணவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

என் கதையைச் சொல்கிறேன். பணியின் கடைசி ஆண்டுகளில் ஒரு நான்காம் வகுப்புக்குப் போனேன். வழக்கமாகப் பின்னால் உட்காருவேன். அன்று பின்வரிசையில் இடமில்லாததால் பக்கவாட்டில், ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டார்கள். ஆசிரியை கரும்பலகையில் 403-இலிருந்து 158-ஐக் கழிக்கச் சொன்னார். கடன் வாங்குவதை அழகாக விளக்கினார். விடை 245. “புரிந்ததா?” “புரிந்தது டீச்சர்!” பின்னால் உட்கார்ந்திருந்தால் நானும் ‘மிக நன்று’ என்று எழுதியிருப்பேன். பக்கவாட்டிலிருந்து ஒரு சிறுமியின் நோட்டு தெரிந்தது. 355 என்று எழுதியிருந்தாள். எட்டிலிருந்து மூன்று போனால் ஐந்து, ஐந்திலிருந்து பூஜ்யம் போனால் ஐந்து, நாலிலிருந்து ஒன்று போனால் மூன்று. ஒவ்வொரு வரிசையிலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறாள். அவள் கவனக்குறைவாகச் செய்யவில்லை. தனக்கென ஒரு விதி வைத்திருந்தாள், அதில் பிசகவே இல்லை. கரும்பலகையில் 245 வந்ததும் 355-ஐ அழித்துவிட்டு அதை எழுதிக்கொண்டாள்.

இடைவேளையில் அதைச் சொன்னேன். ஆசிரியை நோட்டுகளை வாங்கிப் புரட்டினார். அழித்த தடத்துக்குக் கீழே 355 மங்கலாகத் தெரிந்தது, பதினோரு நோட்டில். வெகுநேரம் பேசாமல் இருந்தார். “ஆறு வருடமாக இந்தக் கணக்கை நடத்துகிறேன் ஐயா” என்றார்.

ஜப்பானியப் பள்ளிகளில் பல தலைமுறைகளாக நடக்கும் பாட ஆய்வு இந்த நாற்காலியை ஒரு முறையாகவே வைத்திருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்துவார், மற்றவர்கள் சுவரோரம் நின்று குழந்தைகளின் நோட்டைக் கவனிப்பார்கள். பிறகு பேச்செல்லாம் பாடத்தைப் பற்றி. அது எல்லாரும் சேர்ந்து செய்த பாடம் என்பதால் நடத்தியவர் மட்டும் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. இதை அப்படியே பெயர்த்து நட்டால் முளைக்குமா? இங்கிலாந்தில் 181 தொடக்கப் பள்ளிகளை வைத்துச் சோதித்து 2017-இல் முடிவு வெளியிட்டார்கள்: மாணவர் தேர்ச்சியில் தாக்கம் தெரியவில்லை. அதுபோல, வகுப்புக்கே வரும் பயிற்றுநர் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2018-இல் சொன்னது, திட்டம் நூறு ஆசிரியர்களைத் தாண்டிப் பெருகும்போது பலன் வெகுவாகச் சுருங்குகிறது என்பது. ஜப்பான் ஜப்பான் என்று மேடைதோறும் பேசும் நண்பர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நம்மிடம் நாற்காலிக்குப் பஞ்சமில்லை. ஆசிரியர் பயிற்றுநர் என்ற பணியிடமே இருக்கிறது. அவர் பாதி நேரம் புள்ளிவிவரம் திரட்டுகிறார். மீதி நேரம் வகுப்புக்கு வந்தால் கையில் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டோடு வருபவர் முன்னால் யாரும் தெரியாத பாடத்தை நடத்த மாட்டார்கள். பத்து முறை நடத்திய பாடத்தைத்தான் நடத்துவார்கள், குழந்தைகளும் ஒத்துழைப்பார்கள். அதனால் என் கோரிக்கை சின்னது. மாதத்தில் ஒரு நாள் பயிற்றுநர் பதிவேடு இல்லாமல் வரட்டும். அன்று பார்த்ததை ஆசிரியரிடம் மட்டும் சொல்லட்டும், மேலே எங்கும் அனுப்ப வேண்டாம்.

அந்த ஆசிரியை மறுவாரம் என்னை அழைத்தார். மேசையில் நான்கு நூறு ரூபாய்த் தாள்களும் மூன்று ஒரு ரூபாய் நாணயங்களும் வைத்திருந்தார். “கடைக்காரருக்கு 158 ரூபாய் கொடு” என்றார். அதே சிறுமி எழுந்து வந்தாள். மூன்று நாணயத்தையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “எட்டு ரூபாய்க்குச் சில்லறை பற்றாது. பத்து ரூபாயும் இல்லை. எதை மாற்றுவது டீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியை வாயெடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டு வகுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.