ஜெர்மனியில் வங்கிக் கணக்கு: தற்காலிக விசாவில் இருப்பவருக்கும் அது உரிமை

[திரையில்: கைப்பேசியில் ஒரு கணக்கின் இருப்பு. 11,904 யூரோ.]

ஜெர்மனிக்குப் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஓராண்டுச் செலவுக்கான பணத்தைப் பிளாக்டு அக்கவுன்ட்டில், அதாவது மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று முடக்கிய கணக்கில், போட்டுவிட்டுத்தான் விசாவுக்குப் போகிறார்கள். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. இங்கே வந்த பிறகு மாதம் 992 யூரோ வெளியே வரும். ஆனால் அது வந்து விழ உங்கள் பெயரில் ஒரு சாதாரணக் கணக்கு வேண்டும். கடன் வாங்கிப் புரட்டிய சொந்தப் பணம், கண்ணெதிரே தெரிகிறது, எடுக்க முடியவில்லை.

சரி, கணக்குத் திறக்கலாம் என்று போனால் முகவரிப் பதிவைக் கேட்கிறார்கள். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரரோ முன்பணத்தையும் வாடகையையும் வங்கி வழியாக அனுப்பச் சொல்கிறார். இந்தச் சுழலில் நானும் சில வாரங்கள் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வங்கிக் கிளையில், "உங்கள் விசாவில் இன்னும் ஆறு மாதம்கூட இல்லையே, பிறகு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு சொல் தெரிந்திருந்தால் அப்படி வந்திருக்க மாட்டேன்.

[திரையில் பெரிய எழுத்தில்: பாசிஸ்கோன்டோ]

பாசிஸ்கோன்டோ என்றால் அடிப்படைக் கணக்கு. 2016 ஜூனிலிருந்து ஜெர்மனியில் இது சட்டப்படியான உரிமை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவரும் கேட்கலாம். மாணவர், வேலை தேடும் விசாவில் வந்தவர், நிலையான முகவரி இல்லாதவர், அகதித் தஞ்சம் கேட்டுக் காத்திருப்பவர், எல்லோரும் இதில் அடக்கம். அனுமதி மறுக்கப்பட்டும் திருப்பி அனுப்ப முடியாத நிலையில் டுல்டுங் தாளோடு இருப்பவருக்கும் இது உண்டு. ஈழத்திலிருந்து வந்து டுல்டுங்கில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த குடும்பங்கள் இந்த நாட்டில் நிறைய. அந்த நாட்களில் இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தால் எவ்வளவோ அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இதை எப்படிக் கேட்பது? வாயால் கேட்டால் போதாது. இதற்கென்றே சட்டம் வகுத்த விண்ணப்பப் படிவம் இருக்கிறது. வங்கியிலேயே கிடைக்கும். நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான பாஃபினின் இணையதளத்திலும் இருக்கிறது. அதை நிரப்பிக் கொடுத்தால், பெற்றுக்கொண்டதற்கு வங்கி உங்களுக்குச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். ஏனென்றால் அந்த நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்குகிறது. 10 வங்கி வேலை நாட்களுக்குள் கணக்கு தர வேண்டும், அல்லது காரணத்தோடு எழுத்தில் மறுக்க வேண்டும்.

மறுப்பதற்கான காரணங்களையும் சட்டமே சொல்லிவிட்டது. ஜெர்மனியிலேயே உங்களுக்குப் பயன்படுத்தக்கூடிய வேறொரு கணக்கு இருந்தால் மறுக்கலாம். அந்த வங்கிக்கு எதிராக நீங்கள் குற்றம் செய்து தண்டனை பெற்றிருந்தால் மறுக்கலாம். இப்படிச் சில உண்டு. "விசா சீக்கிரம் முடிகிறது" என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் ஷூஃபாவில் உங்கள் பெயரே இல்லை என்பதும் காரணம் ஆகாது. நியாயமில்லாமல் மறுத்தால் பாஃபினிடம் முறையிடலாம்.

கட்டணம் உண்டு, ஆனால் நியாயமாக இருக்க வேண்டும். ஒரு பெரிய வங்கி இந்தக் கணக்குக்கு மாதம் 8.99 யூரோ வாங்கியதை அதிகம் என்று 2020-இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. இருப்புக்கு மேல் பணம் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் வசதியை இதில் எதிர்பார்க்காதீர்கள். சம்பளம் வாங்க, வாடகை கட்ட, கார்டு தேய்க்க இது போதும்.

உரிமை கையில் இருந்தாலும் முகவரிப் பதிவை முதலில் முடிப்பதுதான் நல்லது. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடிபுகுந்த சான்று வேண்டும். "தங்கிக்கொள், ஆனால் பதியக் கூடாது" என்று சொல்லும் வீடுகள் இருக்கின்றன. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பதிந்த சில வாரங்களில் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். வங்கி அதையும் கேட்கும், பெரும்பாலும் பிறகு கொடுத்தால் போதும். இந்தியாவில் இன்னும் வரி கட்டுபவராக இருந்தால் பான் எண்ணையும் எழுதச் சொல்வார்கள்.

[திரையில்: ஒரு பாஸ்போர்ட். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறது.]

அடுத்தது பெயர். இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஊரில் இனிஷியல் போட்டு வாழ்ந்துவிட்டோம். பாஸ்போர்ட்டில் ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். இன்னொருவருக்கு அந்தக் கட்டமே காலி, முழுப் பெயரும் இயற்பெயர்க் கட்டத்தில் நிற்கும். ஜெர்மன் படிவங்கள் இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. நகர அலுவலகம் ஒரு மாதிரி பிரிக்கும், பல்கலைக்கழகம் இன்னொரு மாதிரி, வங்கி மூன்றாவது மாதிரி. கடைசியில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர்.

முன்பெல்லாம் இது எரிச்சலோடு போய்விடும். 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாடுகளின் வங்கிகள் பணம் அனுப்பும் முன் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் அனுப்புகிறவருக்கு எச்சரிக்கை வரும். சம்பளம் போடும் அலுவலகத்தில் அந்த எச்சரிக்கையைப் பார்த்து நிறுத்தி வைத்தால் உங்கள் வாடகை தள்ளிப்போகும். ஆகவே நகர அலுவலகத்தில் பதிவுத் தாளை அச்சிட்டுக் கையில் தரும்போதே பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். தவறென்றால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வங்கி உங்கள் பெயரை எப்படிப் பதிந்திருக்கிறதோ, அதே வரிசையில் அதே எழுத்துகளில் வேலை கொடுப்பவருக்கும் எழுதிக் கொடுங்கள்.

அடையாளச் சரிபார்ப்பில் ஒரு விஷயம். பல வங்கிகள் வீடியோ அழைப்பில் பாஸ்போர்ட்டைப் பார்த்தே முடித்துவிடும். ஆனால் எல்லா நாட்டுப் பாஸ்போர்ட்டையும் அந்த முறையில் ஏற்பதில்லை. அப்படியானால் போஸ்ட்ஐடென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கி தரும் தாளை எடுத்துக்கொண்டு தபால் நிலையத்துக்குப் போனால் அங்கே பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சரிபார்த்து வங்கிக்கு அனுப்பிவிடுவார்கள்.

[திரையில்: வரிசையாகத் தபால் பெட்டிகள். ஒன்றில் மட்டும் பெயர் இல்லை.]

கணக்கு திறந்தாயிற்று. கார்டு ஒரு கடிதத்திலும் ரகசிய எண் வேறொரு கடிதத்திலும் வரும். இங்கே கட்டடத்துக்கு எண் உண்டு, உள்ளே இருக்கும் தனித்தனி வீடுகளுக்குப் பொதுவாகக் கதவு எண் கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டிய பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நண்பர்களோடு பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் பெயர்தான் ஒட்டியிருக்கும். புதிதாக வருபவர் கார்டு வரவில்லையே என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குடிபுகுந்த அன்றே ஒரு சீட்டில் பெயர் எழுதி ஒட்டுங்கள், டேப் போதும்.

விசா முடியும் நேரம் வந்தால், காலாவதி ஆவதற்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதி தொடர்வதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கு அத்தாட்சியாக ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்றொரு தாள் தருவார்கள். வங்கி புதிய ஆவணம் கேட்டால் அதன் நகலை அனுப்புங்கள்.

அப்புறம், நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு ஒன்று. வீட்டு முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகை வரை இருக்கலாம். வீட்டைக் காலி செய்த பிறகு அது திரும்பி வரச் சில மாதங்கள்கூட ஆகும். விமானம் ஏறுகிற அவசரத்தில் கணக்கை மூடிவிடாதீர்கள். முன்பணம் வந்து சேர்ந்ததும் எழுத்தில் சொல்லி மூடிக்கொள்ளலாம்.