மரமுகம் செதுக்கும் மோஹாச்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உடம்பு முடியாத நிலையிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, கூடத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நூலகர் ஐயா அவர்களே, மைக் செட் போட்டுத் தந்த தம்பிகளே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் விருந்தும் வேடமுமாக இருக்கும். மூன்று ஊர்களைப் பற்றிச் சொல்லப்போகிறேன்: ஹங்கேரியில் மோஹாச், பெல்ஜியத்தில் பேன்ஷ், ஸ்லோவேனியாவில் ப்துய். முதலில் மோஹாச்.

டான்யூப் ஆற்றங்கரை ஊர் அது. அங்கே ஷோகாட்ஸ் என்ற குரோவாத்திய வம்சாவளி மக்கள் தொடங்கிய விழாவில், ரோமம் வெளியே தெரிய ஆட்டுத்தோல் உடுத்தி, மாட்டுமணி கட்டி, வில்லோ மரத்தில் செதுக்கிய கொம்பு முகமூடியோடு 'பூஷோ' என்ற வேடக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை படகில் ஆற்றைக் கடந்து வருவார்கள். ஆறு நாள் ஆட்டம். கடைசியில் குளிர்காலத்தையே ஒரு சவப்பெட்டியாக்கி எரித்துவிடுவார்கள்!

இதற்கு ஒரு கதை உண்டு, கேளுங்கள். 1526-இல் மோஹாச் போரில் துருக்கியர் வென்றார்கள் அல்லவா, ஊர் ஜனம் பயந்து சதுப்புக்காட்டுக்குள் ஓடிவிட்டதாம். இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது எங்கிருந்தோ ஒரு கிழவர் வந்து, "பயப்படாதீர்கள், ஆயுதம் செய்யுங்கள், பயங்கரமான முகங்களைச் செதுக்கி வையுங்கள், புயலடிக்கும் இரவில் முகமூடி போட்ட வீரன் ஒருவன் வருவான்" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனாராம். சொன்னபடி புயல், சொன்னபடி வீரன்! எல்லோரும் முகமூடியை மாட்டிக்கொண்டு மணியும் கூச்சலுமாக ஊருக்குள் பாய, பேய்ப்படை என்று பயந்து துருக்கியர் விடியுமுன் ஓடிவிட்டார்களாம். வரலாற்றில் அவர்கள் ஆட்சி 17-ஆம் நூற்றாண்டின் கடைசி வரை நீடித்தது, அது வேறு. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, கிழவர் முதலில் உளியைக் கையில் எடுக்கச் சொன்னதுதான்.

சித்திரமும் கைப்பழக்கம் என்று நான் எந்த மேடையிலும் சொல்வேன். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்த விழாவை நடத்துவது பூஷோ குழுக்கள். முகமூடி செதுக்கும் வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தருவதும் அவர்கள்தான். கடையில் பிளாஸ்டிக் முகமூடி கிடைக்காமலா செதுக்குகிறார்கள்?

பேன்ஷில் ஆரஞ்சுப் பழம் வீசுவார்கள், அதற்குள்ளும் ப்துய்க்குள்ளும் போனால் நேரமாகிவிடும். அம்மா, நம் பள்ளியில் நின்றுபோன தச்சு வகுப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சித்திரமும் கைப்பழக்கம் என்றால், அந்தக் கைக்கு வாரம் ஒரு மணி நேரமாவது உளி கிடைக்க வேண்டாமா? சொல்லித்தர நம் தெரு ஆசாரி தயாராக இருக்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பெற்றோர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.